ஒன்றரைச் சாண் உயரத்தில் ஒரு காடு: கடல் மட்டம் ஏறினால் கண்டல்களுக்கு என்ன ஆகும்?

இலங்கையின் கிழக்கே, திருகோணமலையின் தம்பலகாமக் குடாவின் ஓரத்தில், உவர்ச் சேற்றில் நிற்கும் ஒரு கண்டல் மரத்தின் தாங்குவேரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வேரின் கீழ்ப்பகுதியில் சிறு சிப்பிகளும், கல் போல ஒட்டி வாழும் ஓட்டுயிர்களான கொட்டலசுகளும் அப்பிக் கிடக்கும். ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஒன்றும் இராது, வேர் வெறும் பழுப்பாக மேலே போகும். பக்கத்து மரத்திலும் அதே உயரம், அதற்கடுத்ததிலும் அதே உயரம். நூல் பிடித்துக் கோடு போட்டது மாதிரி இருக்கும். தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அந்த உயிர்கள் வேரிலே எழுதி வைத்திருக்கின்றன. கடல் மட்டம் உயர்கிறது என்றால், இந்தக் கோடு ஆண்டுக்கு ஆண்டு மேலே நகர்கிறது என்று பொருள்.

எவ்வளவு நகர்கிறது? உலகச் சராசரியை எடுத்தால், 1901 முதல் 2018 வரை கடல் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. வேகமும் ஒரே சீராக இல்லை. 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீற்றராக இருந்தது, 2006 முதல் 2018 வரை 3.7 மில்லிமீற்றராகக் கூடியது. உருகும் பனி ஒரு காரணம், சூடேறிய கடல்நீர் விரிவது இன்னொரு காரணம். மூன்றரை மில்லிமீற்றர் என்பது இரண்டு ஒரு ரூபாய்க் குற்றிகளை அடுக்கின கனம்தான். இதற்கா ஒரு காடு பயப்பட வேண்டும் என்று கேட்கத் தோன்றும். திருகோணமலைக் கரையில் பயப்படக் காரணம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, கண்டல் எந்த உயரத்தில் வாழ்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கண்டலுக்கு உரிய உயரம்

கண்டல் கடலுக்குள் வாழும் மரமென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு நாளில் சில மணி நேரம் தண்ணீரும் மீதி நேரம் காற்றும் படும் நிலத்தில்தான் அது வாழும். பொதுவாகச் சொன்னால், சராசரிக் கடல் மட்டத்திலிருந்து மிகப் பெரிய பெருக்கு (கடல்நீர் ஏற்றம்) தொடும் உயரம் வரையுள்ள பட்டிதான் அதன் வீடு. அதற்குக் கீழே போனால் எப்போதும் நீரில் மூழ்கிக் கிடக்கும். அதற்கு மேலே போனால் உப்பில்லாத நிலத்தில் வளரும் மரங்கள் போட்டிக்கு வந்துவிடும், அல்லது நிலம் காய்ந்து உப்புப் பூத்துவிடும்.

உலகில் சில இடங்களில் வற்றுக்கும் (கடல்நீர் இறக்கம்) பெருக்குக்கும் நடுவே ஐந்தாறு மீற்றர் வித்தியாசம் இருக்கும். அங்கே கண்டலுக்குக் கிடைக்கும் பட்டி இரண்டு மூன்று மீற்றர் உயரமானது. இலங்கையைச் சுற்றி இந்த வித்தியாசம் முக்கால் மீற்றரைத் தாண்டாது. அதன் மேல் பாதிதான் கண்டலுக்கு உரியது. ஆகக் கூடினால் ஒன்றரைச் சாண். களப்புக்குள்ளே, ஒடுங்கிய வாய்க்கால் வழியாக வரும் நீர் இன்னும் அடங்கியே ஏறும், அங்கே ஒரு சாணும் கிடைக்காது. ஆண்டுக்கு 4 மில்லிமீற்றர் என்று வைத்தால் 50 ஆண்டில் 20 சென்ரிமீற்றர், ஏறத்தாழ ஒரு சாண். மூன்று மீற்றர் பட்டியில் வாழும் காட்டுக்கு ஒரு சாண் சின்ன இடைஞ்சல். ஒன்றரைச் சாண் பட்டியில் வாழும் நம் காட்டுக்கு அது வீட்டின் பெரும்பகுதி.

அந்தப் பட்டிக்குள்ளும் ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு படி. பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால் வேரைப் பார்த்து அடையாளம் காண்பது நல்லது. குடைக்கம்பிகளை விரித்து ஊன்றியது போலத் தாங்குவேர்களில் நிற்பது கண்டல் (எல்லா இனங்களுக்கும் பொதுப்பெயராகவும் இதையே சொல்கிறோம்), நீரோரத்தில் இருக்கும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாகக் குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்கள் உள்ளது கண்ணா. இலையின் அடிப்பக்கம் வெள்ளை கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். உச்சி வெயிலில் இலையைத் தடவினால் விரலில் உப்புப் படியும், ஏனென்றால் குடித்த உப்பை அது இலைவழியே கக்குகிறது. இன்னும் மேட்டில், பெருக்கு எப்போதாவது மட்டும் எட்டும் இடத்தில் தில்லையும் திப்பரத்தையும் நிற்கும். (தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம், முறித்துப் பார்க்க வேண்டாம்.) அதற்கும் பின்னால் உமரி படர்ந்த உவர்வெளி. இந்த வரிசை மனதில் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

மரம் எப்படி மூழ்கிச் சாகிறது

சேற்றுக்குள் காற்று கிடையாது. கறுத்த சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அது ஐதரசன் சல்பைட்டு. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பக்றீரியாக்கள் உண்டாக்குவது. வேருக்கு அது நஞ்சு. அந்தச் சேற்றில் கண்டல் உயிரோடு இருப்பதற்கு ஒரே வழி, மேலேயிருந்து காற்றைக் கொண்டுபோய் வேர் நுனிவரை சேர்ப்பது. தாங்குவேரிலும் மூச்சுவேரிலும் கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளிகள், சொரசொரப்பான மருக்கள் மாதிரி இருக்கின்றனவே, அவைதான் மூக்கு. வற்று நேரத்தில் அவை திறந்து காற்றை இழுக்கின்றன. வேருக்குள்ளே பஞ்சு போன்ற இழையம் அந்தக் காற்றைத் தேக்கிக் கீழே கொண்டுபோகிறது. நுனியில் கசியும் ஒட்சிசன், வேரைச் சுற்றியுள்ள சேற்றின் நஞ்சையும் முறிக்கிறது.

பெருக்கு வந்து மூக்கு மூடினாலும் சேமித்த காற்றில் சில மணி நேரம் ஓட்டிவிடும். மூடியிருக்கும் நேரம் ஆறு மணியிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பன்னிரண்டு என்று கூடிக்கொண்டே போனால்தான் ஆபத்து. கண்ணாவின் மூச்சுவேர் பெரும்பாலும் ஒரு சாண் உயரம்தான். நீர் அதற்கு மேலேயே நின்றுவிட்டால், முதலில் நுண்வேர்கள் செத்து, நீர் உறிஞ்சும் வலு குறையும். தண்ணீரிலேயே நிற்கும் மரம் வாடத் தொடங்கும். உச்சிக் கிளைகள் காய்ந்து, இலை சிறுத்து, கடைசியில் ஒரு காற்றுக்குச் சரியும்.

ஆனால் பெரிய மரம் சாவது கடைசியில். பல ஆண்டுக்கு முன்பே வேறொன்று நின்றுபோயிருக்கும்: நாற்று. பெரிய மரத்தின் வேர் உயரத்துக்கு உயர்ந்து நிற்கும், ஒரு முழ உயரக் கன்றுக்கு அந்த வசதி இல்லை. வித்து விழும், மிதக்கும், தரை தட்டாமலே போய்விடும். தட்டி ஊன்றினாலும் மூழ்கி அழுகும், அல்லது தண்டு முழுக்கக் கொட்டலசு ஏறிப் பாரத்தில் சாயும். ஆகவே ஒரு கண்டல் காட்டின் நலத்தைப் பார்க்கப் போகிறவர் மேலே பச்சையைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. குனிந்து, மரங்களுக்கு அடியில் முழங்கால் உயரக் கன்றுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிழங்கள் மட்டும் நிற்கும் காடு, வெளியே எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும், வழியனுப்பி வைக்கப்பட்ட காடுதான்.

மட்டம் இறங்கினாலும் இதே மரங்கள் சாகும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2015–16 எல்நினோ காலத்தில் அவுஸ்திரேலியாவின் வடக்கே கார்ப்பென்ராரியா வளைகுடாவில் கடல் மட்டம் மாதக்கணக்கில் தாழ்ந்து நின்றது. 7,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட கண்டல்கள் வறண்டு செத்தன. உயரப் பட்டி எவ்வளவு ஒடுக்கமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

தரையும் ஏறும், மண் கிடைத்தால்

கடல் ஏறும்போது கண்டல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. அதன் வேர்க்காடு நீரோட்டத்தைத் தடுத்து மெதுவாக்கும். மெதுவான நீர் தன்னோடு கொண்டுவந்த வண்டலைப் போட்டுவிடும். உதிரும் இலையும், அதைவிட முக்கியமாக நிலத்துக்கடியில் ஆண்டுதோறும் பெருகும் நுண்வேர்களும், தரையைக் கீழேயிருந்து ஊதி உயர்த்தும். இப்படிச் சேர்ந்து ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் தரை உயரும். கடல் ஏறும் வேகத்துக்கு ஈடாகத் தரையும் ஏறினால் காடு நின்ற இடத்திலேயே நிற்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சேற்றுப் படிவுகளை ஆராய்ந்தவர்கள், கடல் ஆண்டுக்கு 6–7 மில்லிமீற்றருக்கு மேல் ஏறிய காலங்களில் கண்டல்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று கண்டிருக்கிறார்கள். 2006–2018 காலத்தின் 3.7 இலிருந்தே அந்த எல்லை அதிக தூரத்தில் இல்லை.

இந்த ஏற்றத்துக்கு மண் வேண்டும். திருகோணமலைக்கு மண் கொண்டுவருவது மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடி மூதூர், கிண்ணியாப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மலைநாட்டில் 1976 இல் பொல்கொல்லை, 1980களில் விக்டோரியா, கொத்மலை, றந்தெனிகல என்று அணைகள் எழுந்த பிறகு, ஆற்றில் வந்த வண்டலில் பெரும்பங்கு அந்த நீர்த்தேக்கங்களின் அடியில் தங்கிவிடுகிறது. எந்த அணையும் செய்யும் வேலைதான் இது. மின்சாரமும் வயலுக்கு நீரும் வந்தன, கழிமுகத்துக்கு வர வேண்டிய சேறு குறைந்தது. எஞ்சி வருவதிலிருந்து ஆற்று மணலை அள்ளினால் ஆற்றின் அடி ஆழமாகி, உப்புநீர் இன்னும் உள்ளே ஏறும்.

இந்தக் குடாவுக்கு இன்னொரு விசேடமும் உண்டு. திருகோணமலைத் துறைமுகம் ஆழமானதென்று உலகம் அறியும். அந்த ஆழத்துக்குக் காரணமான கடலடிப் பள்ளத்தாக்கு கொட்டியாரக் குடாவுக்குள்ளிருந்தே தொடங்கி ஆழ்கடலுக்குப் போகிறது. ஆழமில்லாத விரிந்த கடலில் விழும் ஆறு தன் மண்ணைக் கரையருகே பரப்பி வைக்கும். இங்கே மண்ணில் ஒரு பகுதி பள்ளத்தாக்கு வழியாக இறங்கிவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால் வந்து சேரும் ஒவ்வொரு கூடைச் சேற்றுக்கும் இங்கே மதிப்பு அதிகம்.

காட்டை வெட்டினால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம். தரையைத் தாங்கி நிற்பது நிலத்தடி வேர்ப்பாய். மரம் செத்தால் வேர் அழுகும், அழுகினால் சேறு அமுங்கும். சாண் ஏற முழம் சறுக்குவது போல, பல ஆண்டுகளாக மில்லிமீற்றர் மில்லிமீற்றராக உயர்ந்த தரை சில ஆண்டுகளில் பல சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடும். பிறகு அங்கே கன்று நட்டாலும் அது மூழ்கும் உயரத்தில்தான் நிற்கும்.

பின்னால் இடம் இருக்கிறதா?

தரை ஏற்றம் போதாவிட்டால் காட்டுக்கு மிஞ்சும் வழி, கரைப்பக்கம் நகர்வது. மரம் நடக்காது. ஆனால் கூடிய பெருக்கு வித்தை இன்னும் உள்ளே கொண்டுபோய்ப் போடும், அங்கே கன்று எழும். கடலோர வரிசை சாக, பின்வரிசை முன்வரிசையாகும். கண்டல் நின்ற இடம் நீராகும், கண்ணா நின்ற இடத்தில் கண்டல் வரும், உமரி வெளியில் கண்ணா முளைக்கும். முன்பு சொன்ன வரிசை அப்படியே ஒரு படி பின்வாங்கும்.

எவ்வளவு தூரம் பின்வாங்க வேண்டும் என்பது நிலத்தின் சரிவைப் பொறுத்தது. 500 மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் தட்டையான நிலமென்றால், 20 சென்ரிமீற்றர் கடல் உயர்வுக்கு 100 மீற்றர் நகர வேண்டும். 50 ஆண்டில் 100 மீற்றர், ஆண்டுக்கு இரண்டு மீற்றர். வித்துகளுக்கு இது பெரிய வேகமில்லை, வழி திறந்திருந்தால்.

வழி திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கண்டலுக்குப் பின்னால் பல இடங்களில் வயல் வரம்பு, உவர்நீர்த் தடுப்பு அணைக்கட்டு, வீதி, மதில், இறால் குட்டை என ஏதாவது ஒன்றைக் காணலாம். முன்னால் கடல் ஏற, பின்னால் கட்டு நிற்க, காடு நடுவில் நசுங்கும். முதலில் மறைவது பின்வரிசை: தில்லை, திப்பரத்தை, உமரி வெளி. யாருக்கும் பெரிதாகக் கண்ணில் படாது. மிஞ்சியிருக்கும் கண்டல் வரிசை பச்சையாக நின்று எல்லாம் சரியென்று காட்டும்.

வயல்காரர்களின் பயம் நியாயமானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உவர் ஏறிய வயலில் நெல் வராது, வரம்பை உடை என்று யாரும் அவர்களிடம் சொல்ல முடியாது. ஆனால் உவர் ஏறிக் கைவிட்ட ஓரத் துண்டுகளும், கைவிட்ட இறால் குட்டைகளும் இருக்கின்றன. பேச்சு அங்கிருந்து தொடங்கலாம். நெல்லுக்கும் அதனால் நன்மை உண்டு. புயல் நேரத்தில் நேரடியாக அலை வாங்கும் அணைக்கட்டைவிட, முன்னால் நூறு மீற்றர் கண்டல் நிற்கும் அணைக்கட்டு நீண்ட காலம் உடையாமல் இருக்கும்.

நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கக் களப்புகளில் கதை சற்று வேறு. பெரிய கரைச்சி, சின்னக் கரைச்சி, கொக்கிளாய் போன்றவற்றின் மட்டத்தை வற்றுப்பெருக்கை விட மணல்திட்டும் மழையும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. கோடையில் வாய் மூடிக் கிடக்கும்போது நீர் ஆவியாகி உப்பு கடலைவிடக் கூடும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும், அடைபட்ட களப்பில் அதற்கு மேலே போகும். மாரியில் வாய் திறக்கும் வரை வெள்ளம் தேங்கி நிற்கும். அங்கே ஒரு காடு பட்டுப்போனால் அதை உடனே கடல் மட்ட உயர்வின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வாய் எத்தனை மாதம் மூடிக் கிடந்தது என்று மீனவர்களிடம் கேட்ட பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும்.

அளந்து பார்ப்பது எப்படி

ஆய்வாளர்கள் இரண்டு அளவுகளைச் சேர்த்து எடுப்பார்கள். ஒன்று, சேற்றின் மேல் அரை மீற்றர்ச் சதுரத்தில் வெள்ளை பெல்ஸ்பார் தூளை ஒரு சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பிவிடுவது. ஓராண்டு கழித்துக் கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்தால், கேக்கின் நடுவில் கிறீம் தெரிவது போல வெள்ளைக் கோடு தெரியும். அதற்கு மேலே உள்ளது அந்த ஆண்டு படிந்த சேறு. மற்றது, இனி இறங்காது என்ற ஆழம்வரை அடித்த உலோகத் தண்டு ஒன்றில் கிடையாக ஒரு கையைப் பொருத்தி, அதிலிருந்து ஒன்பது கம்பிகளைத் தரை தொட இறக்கி, தரையின் உயரத்தை அளப்பது. மேலே 5 மில்லிமீற்றர் சேறு படிந்தும் தரை 2 மில்லிமீற்றர்தான் உயர்ந்திருக்கிறது என்றால், மீதி 3 அடியில் அமுங்கிவிட்டது. படிவை மட்டும் அளந்து சந்தோசப்படுவது பெரிய பிழை என்பது இதனால்தான்.

கருவி இல்லாமலும் பயனுள்ள வேலை செய்யலாம். காற்றில்லாத காலையில், பெருக்கு உச்சியில் நிற்கும்போது நீர்ப்பரப்பே நல்ல மட்டப்பலகை. சென்ரிமீற்றர் குறித்த தடியோடு நாலைந்து பேர் ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் ஆழம் பாருங்கள்: கன்றுகள் உயிரோடு நிற்கும் இடம், பெரிய மரம் மட்டும் நிற்கும் இடம், நடலாம் என்று நினைக்கும் இடம். கன்று நிற்கும் இடத்தில் 15 சென்ரிமீற்றர், நட நினைத்த இடத்தில் 40 சென்ரிமீற்றர் என்றால், அங்கே நடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. நீர் எட்டாத பின்பக்கத்துக்கு, மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாய் போதும். தடியை மெல்ல வையுங்கள். சேற்றுக்குள் அமுங்கினால் அளவு முழுக்கப் பிழைக்கும், அடியில் ஒரு சிறு தகட்டைப் பூட்டுவது நல்லது.

நடுவதில் நடக்கும் பிழை

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை கண்டல் நட்டார்கள். பின்னர் 23 இடங்களைச் சென்று பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. நட்டவர்களின் மனதில் குறை இல்லை, உயரத்தில்தான் குறை. வெறுஞ்சேறாகக் கிடக்கும் தாழ்ந்த இடத்தை ‘காலி’ என்று நினைத்து நட்டார்கள். இயற்கை அங்கே மரம் வைக்காததற்குக் காரணம் இருந்தது. நடுவதற்கு இலகுவாகக் கிடைத்தது தாங்குவேர்க் கண்டலின் நீண்ட வித்து என்பதால், கண்ணா வர வேண்டிய மேட்டிலும் அதையே ஊன்றினார்கள். மாடும் ஆடும் மேய்ந்தன, திரும்பிப் பார்க்க ஆள் இருக்கவில்லை.

நடத்தான் வேண்டும் என்றால், வித்து முதிர்ந்ததா என்று பாருங்கள். காயும் வித்தும் சேரும் இடத்தில் மஞ்சள் கழுத்துத் தெரிய வேண்டும், தொட்டதும் கழன்று வர வேண்டும். பச்சையாக இழுத்துப் பறித்தது அழுகும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள், கூர்முனை கீழே. உயரத்தைப் பக்கத்தில் தானாக முளைத்த கன்றோடு ஒப்பிட்டு எடுங்கள். கடல் ஏறுவதைக் கணக்கில் வைத்தால், அந்தப் பட்டியின் கீழ் விளிம்பை விட மேல் விளிம்பில் நடுவதுதான் புத்தி. கீழே நட்டது மரமாகும் முன்பே அதன் இடம் நீராகிவிடும்.

கைவிட்ட குட்டையோ உவர் வயலோ கிடைத்தால் பெரும்பாலும் நடவே தேவையில்லை. பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று முதியவர்களிடம் கேட்டு, அந்த இடத்திலேயே கட்டை வெட்டித் திறக்க வேண்டும். கண்ட இடத்தில் வெட்டினால் நீர் உள்ளே வரும், வடியாது, தேங்கிய நீரில் ஒன்றும் முளைக்காது. வீதி குறுக்கே போனால் மதகின் அடிமட்டம் வெளி வாய்க்காலின் மட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும், ஒரு சாண் மேலே வைத்தால் உள்ளே எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்கும். நீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் முதலில் உமரி படரும். அதைப் பிடுங்கிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். மாரிப் பெருக்கில் மிதந்து வரும் கண்ணா வித்துகள் அந்த உமரித் தூறுகளில்தான் சிக்கி நிற்கும். அடுத்த கோடைக்குள், நாலு இலையோடு எழுந்த கன்றுகளை அதற்குள்ளே விலக்கிப் பார்க்கலாம்.